இன்சூரன்ஸ் காகிதத்தில் யார் யார் இருக்கிறார்கள்?

பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



பழைய கதை பேசுவதற்கு இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். பொதுக் காப்பீட்டுத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு புரட்டியவன் என்ற முறையில், பிள்ளைகளுக்கு உபயோகமாக நாலு வார்த்தை பேசும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பாலிசியில் வரும் சில சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சட்டப் பாடம் நடத்த வரவில்லை, பயப்பட வேண்டாம்.

நம்மூரில் வண்டி இல்லாத வீடு குறைவு. வண்டி இருந்தால் இன்சூரன்ஸ் காகிதமும் இருக்கும். அது எதற்கு என்று கேட்டால், "பார்வதிபுரத்துல போலீஸ் மறிச்சா காட்டணும்லா" என்பதுதான் பதில். போலீஸுக்குக் காட்டுவதற்கு மட்டும் ஒரு காகிதம் என்று நினைத்துவிட்டால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றாது. விபத்து நடந்த பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு முதல்முறையாக அதை வாசிக்கிறார்கள். அப்போது வாசித்து என்ன பிரயோஜனம்?

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். காப்பு எடுத்தாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவது, பெரும்பாலும் அயலானைக் காப்பாற்றுவதற்காக. நம்முடைய வண்டியில் நம்மோடு வருகிறவரையும், நம்முடைய வீட்டையும் காப்பது நம் பொறுப்பு. அதைச் சட்டம் நமக்காகச் செய்து தராது. எந்தச் சொல்லைப் பார்த்தாலும் "இது யாருக்கு?" என்று கேளுங்கள். பாதி குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் "தேர்ட் பார்ட்டி", அதாவது மூன்றாம் நபர். முதல் நபர் பாலிசி எடுத்த நீங்கள். இரண்டாம் நபர் இன்சூரன்ஸ் கம்பெனி. இந்த இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாமல், உங்கள் வண்டி மோதி அடிபட்டவர் மூன்றாம் நபர். ரோட்டைக் கடந்த பாட்டி, சைக்கிளில் போன பையன், எதிரே வந்த வண்டிக்காரர். இவர்களுக்கான காப்பு பிரிட்டிஷ் இந்தியாவில் 1946 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்டது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. இன்று நமக்குப் பொருந்துவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு. காப்பு இல்லாமல் வண்டி ஓட்டினால், 2019 திருத்தத்தின்படி முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் அபராதம் 4,000.

அபராதம் சின்ன விஷயம். காப்பு இல்லாத வண்டி ஒருவரைச் சாகடித்துவிட்டால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை முழுவதையும் வண்டிச் சொந்தக்காரர் கையிலிருந்து கட்ட வேண்டும். அடிபட்டவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருக்கும் குடும்பம் எல்லாம் பார்த்துத்தான் தொகையைக் கணக்கிடுவார்கள். பல லட்சம் வரும். விளையும் வீடும் விற்றாலும் போதாமல் போகலாம். இவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்கும் காப்புக்கு விலை என்ன? 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரையுள்ள பைக்குக்கு வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி.

இப்போது மாணவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். நீங்கள் பைக்கில் போகிறீர்கள், பின்னால் உங்கள் கூட்டுக்காரன் உட்கார்ந்திருக்கிறான். மழையில் வழுக்கி மின்கம்பத்தில் மோதுகிறீர்கள். அவனுக்குக் கால் போய்விட்டது. உங்களிடம் இருப்பது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி. அவனுக்கு இழப்பீடு கிடைக்குமா?

பலரும் கிடைக்கும் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் சட்டத்துக்கு மட்டும் எடுத்த அப்படிப்பட்ட பாலிசியில், கூலி கொடுக்காமல் பின்னால் அமர்ந்து வருபவர் சேரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் திலக் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் பின்னால் இருப்பவரும், காருக்குள் இருப்பவர்களும் சேருவார்கள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தியது. எதிரே வந்த வண்டியின் மேல் தப்பு இருந்தால், அந்த வண்டியின் காப்பிலிருந்து உங்கள் கூட்டுக்காரன் கேட்கலாம், அதில் தடையில்லை. தப்பு உங்கள் மேல் என்றால், உங்கள் பாலிசி எந்த வகை என்பதை வைத்துத்தான் எல்லாம் முடிவாகும். மனைவியை, தங்கச்சியை, கூட்டுக்காரனை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்குச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் எடுக்கிறோமே, அந்த மிச்சத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த கேள்வி, வண்டி ஓட்டுகிறவருக்கு என்ன? அதற்குத்தான் "ஓனர்-டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பு". 2018 வரை பைக்குக்கு ஒரு லட்சமும் காருக்கு இரண்டு லட்சமுமாக இருந்ததை, அந்த ஆண்டு 15 லட்சமாக உயர்த்தினார்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஆர்.சி. புக்கிலும் பாலிசியிலும் யார் பெயர் இருக்கிறதோ, ஓட்டுநர் உரிமம் யாரிடம் இருக்கிறதோ, அந்த ஒரே ஆளுக்கு எழுதப்பட்ட காப்பு அது. நம்மூரில் அப்பா பெயரில் வண்டி இருக்கும், மகன் காலேஜுக்கு ஓட்டிக்கொண்டு வருவான். இன்னொருவர் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர், அந்த வண்டியைப் பொறுத்தவரை மூன்றாம் நபர் அல்ல, சொந்தக்காரரின் இடத்தில் நிற்பவர் என்று உச்ச நீதிமன்றம் 2009இலும் 2020இலும் சொல்லியிருக்கிறது. அதனால் "வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டுல்லா" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஓட்டுகிற பிள்ளை பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பு எடுங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் 2015இல் வந்தது. 18 வயது முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் அல்லது முழு ஊனம் ஏற்பட்டால் 2 லட்சம். இரண்டு சாயாவுக்கு ஆகிற காசு! இங்கே இருக்கும் மாணவர்கள் எல்லோரும் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். நாளைக்கே வங்கியில் போய்க் கேட்கலாம்.

இனி வண்டிக்கான காப்பு, அதாவது "ஓன் டேமேஜ்". இதில் ஒரு கண்ணி உண்டு. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு ஐந்து வருஷமும் புது காருக்கு மூன்று வருஷமும் தேர்ட் பார்ட்டி காப்பை மொத்தமாக எடுக்கிறோம். அதோடு சேர்த்து வரும் ஓன் டேமேஜ் காப்பு பெரும்பாலும் ஒரே வருஷத்துக்குத்தான். காகிதத்தில் ஐந்து வருஷம் என்று பார்த்துவிட்டு, "2030 வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு அண்ணாச்சி" என்பார்கள். இரண்டாம் வருஷம் வண்டி களவு போனால் ஒரு ரூபாய் கிடைக்காது. பாலிசியில் இரண்டு தேதி இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

"ஐ.டி.வி." என்று மூன்றெழுத்து இருக்கும். வண்டி களவு போனாலோ, பழுது பார்க்க முடியாதபடி நொறுங்கினாலோ கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை அது. ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள். ஒன்று முதல் இரண்டு வருஷத்துக்குள் 20 சதவீதம், மூன்று முதல் நான்குக்குள் 40, நான்கு முதல் ஐந்துக்குள் 50. எட்டு லட்சத்துக் கார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை வருஷத்தில் அதன் ஐ.டி.வி. ஏறக்குறைய 4 லட்சத்து 80 ஆயிரம். பிரீமியம் குறைய வேண்டும் என்பதற்காக ஐ.டி.வி.யை இன்னும் குறைத்துப் போடச் சொல்பவர்கள் உண்டு. குறைவது பிரீமியம் மட்டுமல்ல, நாளைக்கு வரவேண்டிய தொகையும்தான்.

ஒர்க் ஷாப்பில் பில் 30,000 ஆகிறது, கம்பெனி 19,000 தருகிறது. உடனே "ஏமாத்திட்டானுவ" என்கிறோம். அங்கே இரண்டு சொற்கள் வேலை செய்கின்றன. ஒன்று, உதிரிபாகத் தேய்மானம். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலைதான் தருவார்கள். 10,000 ரூபாய் பம்பருக்கு 5,000. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இந்தத் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவதற்குக் கூடுதல் பிரீமியம் கட்டி எடுப்பதுதான் "ஜீரோ டெப்ரிசியேஷன்". நம் ஆட்கள் "பம்பர் டு பம்பர்" என்பார்கள். இரண்டாவது, கட்டாயக் கழிவு. எந்தக் கிளெய்மாக இருந்தாலும் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய், அதற்கு மேல் போனால் 2,000 ரூபாய், நீங்கள் ஏற்க வேண்டும். ஃபுல் இன்சூரன்ஸ் என்ற பெயரைப் பார்த்து முழுப் பில்லும் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

"என்.சி.பி." என்பது கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்கான சலுகை. முதல் வருஷம் 20 சதவீதத்தில் ஆரம்பித்து 25, 35, 45, ஐந்தாம் வருஷம் 50 வரை போகும். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும் இது குறையும். ஒரு சின்னக் கீறலுக்கு 2,000 ரூபாய் கேட்டு வாங்கினால், அடுத்த வருஷம் அதைவிடப் பெரிய சலுகை போகலாம். கணக்குப் பார்த்துக் கேளுங்கள். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினாலும் இது போய்விடும். இன்னொன்று, இந்தச் சலுகை ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல. பழைய காரை விற்றால் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்குள் வாங்கும் புதுக் காருக்குப் பயன்படுத்தலாம்.

வண்டி விற்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தெரிந்த ஆள்தானே என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஆர்.சி.யை மாற்றாமல் விட்டுவிடுகிறோம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், இழப்பீட்டுக்குப் பொறுப்பும் அவரே என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாலு கை மாறிய வண்டிக்கும் அதே நியாயம்தான். வாங்குகிறவர் 14 நாளுக்குள் காப்பைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி காப்பு சட்டப்படி தானாகவே புதுச் சொந்தக்காரரைத் தொடரும். ஓன் டேமேஜ் அப்படித் தொடராது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. 2021 நவம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காருக்குள் வெள்ளம் புகுந்து சேதமானால் ஓன் டேமேஜில் இடம் உண்டு. ஆனால் தண்ணீரில் நிற்கும் வண்டியை "ஒண்ணு ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்" என்று சாவியைத் திருப்பினால், தண்ணீர் இன்ஜினுக்குள் போய் உள்பாகங்கள் வளைந்துவிடும். அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதமல்ல, ஸ்டார்ட் செய்ததன் விளைவு என்று சொல்லி மறுப்பார்கள். இன்ஜினுக்கென்று தனிக் காப்பு எடுத்திருந்தால் வேறு விஷயம். சாவியைத் தொடாமல் படம் எடுத்துவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். ஒரு வண்டியை விட்டுவைக்காத சட்டம், வீட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. வீட்டுக்குக் காப்பு கட்டாயமில்லை. அதனாலேயே நம்மில் பலரும் எடுக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி குளச்சலிலும் மணக்குடியிலும் என்ன செய்தது என்று பார்த்தோம். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஓகி புயலில் மாவட்டம் முழுக்கத் தென்னையும் ரப்பரும் சாய்ந்தன, கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அரசாங்கம் தருவது நிவாரணம். அது உதவி, நம் நஷ்டத்தை அளந்து தரும் தொகை அல்ல. நஷ்டத்தை அளந்து தருவது காப்பு மட்டும்தான்.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில் தர வேண்டிய வீட்டுப் பாலிசி ஒன்று வந்திருக்கிறது. பெயர் "பாரத் கிருஹ ரக்ஷா". தீ, இடி, புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் இதில் அடங்கும். வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து மோதுவதும் அடங்கும், அதில் மரம் விழுவதும் சேர்த்தி. ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் நாலு தெங்கு நிற்கும் நம்மூருக்கு இந்த ஒரு வரி போதும்!

இதில் "காப்புத் தொகை" என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாகர்கோவிலில் சென்ட் விலை என்ன என்பது இங்கே கணக்கே இல்லை. மண்ணைப் புயல் கொண்டுபோகாது. இதே கட்டடத்தைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதுதான் கணக்கு. 1,200 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24 லட்சம். பழைய தீக் காப்புப் பாலிசிகளில் "சராசரி விதி" என்று ஒன்று உண்டு. 24 லட்சத்து வீட்டை 12 லட்சத்துக்குக் காப்பு செய்து, 4 லட்சம் சேதம் வந்தால், பாதிதானே காப்பு செய்தாய் என்று 2 லட்சம்தான் தருவார்கள். புது வீட்டுப் பாலிசியில் இந்த வெட்டு இல்லை. ஆனாலும் எழுதிய தொகைக்கு மேல் ஒருபோதும் வராது என்பதால், தொகையைக் குறைத்துப் போடாதீர்கள்.

வீட்டுச் சாமான்களுக்கு, கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பட்டியல் கொடுக்காமலே காப்பு உண்டு. நகை அதில் சேராது, தனியாகச் சொல்லி எடுக்க வேண்டும். ரொக்கப் பணத்துக்கு இடமில்லை. களவு பற்றி ஒரு முக்கியமான விஷயம். புயல், தீ போன்ற சம்பவம் நடந்து ஏழு நாளுக்குள் நடக்கும் களவுதான் இதில் அடங்கும். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வீட்டைப் பூட்டிப் போட்டிருக்கும் அன்பர்களே, சாதாரண நாளில் நடக்கும் கன்னக்களவுக்குத் தனிப் பாலிசி வேண்டும். எடுக்கும்போதே வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதைச் சொல்லி, அதற்கான நிபந்தனையையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதை மறைக்காமல் சொல்வதுதான் காப்பு ஒப்பந்தத்தின் அஸ்திவாரம். மறைத்தது பின்னால் தெரிந்தால் முழுக் கிளெய்மும் போகலாம்.

நாள்பட்ட கசிவு, கறையான், பழசாகி வந்த விரிசல், இவை எந்தப் பாலிசியிலும் வராது. காப்பு என்பது திடீரென்று வரும் ஆபத்துக்கு. பராமரிப்பு நம் வேலை.

கடைசியாக, கிளெய்மை மறுத்துவிட்டால் என்ன செய்வது? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால், சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 50 லட்சம் வரையுள்ள வழக்குகளைக் கேட்பார். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். வண்டி களவு போனால் உடனே போலீஸில் புகார் கொடுங்கள், கம்பெனிக்கும் தெரிவியுங்கள். புகார் உடனே கொடுத்திருக்கும்போது, கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அன்பர்களே, ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பாலிசிக் காகிதங்களை எல்லாம் மேசையில் விரித்து, ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து பெயர் எழுதுங்கள். ரோட்டில் போகிறவர், பின்னால் உட்காருகிறவர், வண்டி ஓட்டுகிறவர், வண்டி, வீடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பாலிசி, எவ்வளவு தொகை, எந்தத் தேதி வரை என்று குறியுங்கள். எந்த வரி காலியாக இருக்கிறதோ, அதை உங்கள் ஏஜென்டிடம் காட்டிக் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் இந்தக் காகிதத்தை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நீங்களாக இருக்கலாம். அப்பாவிடம் கேட்டு வாங்கி வாசியுங்கள், புரியாததை எங்களைப் போன்றவர்களிடம் கேளுங்கள். சொல்லித்தரக் காத்திருக்கிறோம்.